விருது வந்தது, வாசகர் வரவில்லை

பிலிப்பைன்ஸில் 1956-ல் ஒரு சட்டம் வந்தது. ஹோசே ரிசாலின் வாழ்க்கையையும் அவருடைய நாவல்களையும் மாணவர்கள் படித்தே ஆக வேண்டும் என்றது அது. ஸ்பெயின் ஆட்சியையும் அதன் நிழலில் கொழுத்த பாதிரிமார்களையும் கிழித்துத் தொங்கவிட்ட எழுத்து. ‘நோலி மே டாங்கெரே’ 1887-ல் பெர்லினில் அச்சானது. அடுத்தது 1891-ல் பெல்ஜியத்தில். 1896 டிசம்பர் 30 அன்று மணிலாவில் ரிசாலைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 35. அறுபது ஆண்டு கழித்து வந்த சட்டத்தையும் கத்தோலிக்கத் திருச்சபை மூர்க்கமாக எதிர்த்தது என்றால், அந்த நாவல்களில் சூடு தணியவில்லை என்றுதானே பொருள்?

மதுரைச் சீமைக்கும் அப்படி ஒருவர் உண்டு: வத்தலக்குண்டு சி.சு.செல்லப்பா. ‘வாடிவாசல்’ என்றதும் தலையாட்டுகிறவர்களிடம் அவருடைய விடுதலைப் போராட்ட நாவல் ‘சுதந்திர தாகம்’ என்று சொல்லிப் பாருங்கள், முழிப்பார்கள்.

அந்த நாவல் வந்தது விடுதலைக்கு வெகு காலம் கழித்து. வெள்ளையர் ஆட்சி நடந்தபோதே இங்கே ஏன் ஒரு ரிசால் நாவல் வரவில்லை? 1910-ன் அச்சகச் சட்டம் ஒரு காரணம். பாரதியின் ‘ஆறில் ஒரு பங்கு’ வெறும் சிறுகதைதான். அதையே அரசு தடைசெய்தது. இன்னொரு காரணம், இங்கே எதிர்ப்பு நாடக மேடை ஏறிவிட்டது. மதுரகவி பாஸ்கரதாஸ் பாட்டெழுத, திருமங்கலத்தில் வாழ்ந்த விஸ்வநாத தாஸ் முருகன் வேடத்தில் நின்று வெள்ளைக்காரனை எதிர்த்துப் பாடினார். மீண்டும் மீண்டும் சிறை போனார். எழுத்தறியாதவர் காதுக்கும் பாட்டு போய்ச் சேர்ந்தது. நாவல் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்திருக்க முடியாது.

செல்லப்பா 1941-ல் சத்தியாக்கிரகம் செய்து சிறை சென்றவர். தானும் தன் தலைமுறையும் கண்ட போராட்டத்தை ‘சுதந்திர தாகம்’ என்று மூன்று பாகங்களாக எழுதி, 1997-ல், விடுதலையின் பொன்விழா ஆண்டில், சொந்தமாக வெளியிட்டார். தான் நடத்திய ‘எழுத்து’ பிரசுரத்தின் புத்தகங்களைக் கட்டாகச் சுமந்து கல்லூரி கல்லூரியாக விற்ற மனிதருக்கு அது புதிதல்ல. மறு ஆண்டே காலமானார். சாகித்ய அகாதமி விருது 2001-ல் வந்தபோது வாங்க அவர் இல்லை.

குறையையும் சொல்லிவிடலாம். நாவல் நீளம், செல்லப்பா கத்தரிக்கோலைத் தொடவே இல்லை. ரிசாலின் கேலியும் குத்தலும் இதில் கிடையாது. ஆனால் ஊர்ப்பெயர் தெரிந்த தெருக்களில், பெரிய தலைவர்களின் நிழலில் மறைந்துபோன சாதாரணத் தொண்டனின் மனம் எப்படி ஓடியது என்பதற்கு இதற்கு இணையான தமிழ் ஆவணம் வேறு எது? வெட்டவெளியில் கோஷம் போடுவதற்கு முன் வீட்டுக்குள் நடக்கும் வாக்குவாதம் வரலாற்றுப் பாடநூலில் வராது. நாவலில்தான் வரும்.

சட்டம் போட்டுப் படிக்கவைக்கச் சொல்லவில்லை. கட்டாயம் என்றாலே மாணவர்கள் கோனார் உரையைத் தேடிப் போய்விடுவார்கள். மதுரைக் கல்லூரிகளின் தமிழ்த் துறைகள் மூன்று பாகங்களில் ஒன்றையாவது பாடத்திட்டத்தில் சேர்க்கட்டும். நத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் மாதம் ஒரு வாசிப்புக் கூட்டம் வைக்கலாம். தேர்ந்த கை ஒன்று இதைச் சுருக்கி மலிவு விலையில் கொண்டுவந்தால் இன்னும் நல்லது.