குட்டியின் தட்டு

எங்கள் வீட்டு மணிக்கு வயது 9. ஒரு வருஷமாகவே சாப்பாட்டில் அதற்கு அபார பிகு. உருண்டைத் தீனியை முகர்ந்து பார்க்கும், பெருமூச்சு விடும், போய்ப் படுத்துவிடும். கையால் ஊட்டினால் தயவு பண்ணி இரண்டு வாய் தின்னும். செல்லம் கொடுத்துக் கெடுத்தது யார் என்று எங்களுக்குள் ஓயாத வழக்கு.

இந்த நிலையில் இரண்டு மாதக் குட்டி ஒன்று வந்து சேர்ந்தது. அதற்கு நாளைக்கு 4 வேளை, வெந்நீரில் ஊறிக் குழைந்த தீனி. மூன்றாம் நாளே மணி குட்டியின் தட்டைக் காலி செய்துவிட்டது! போட்டியினால் பசி பிறந்துவிட்டதென்று எல்லோருக்கும் ஆனந்தம். ஆனால் குட்டித் தீனியில் கொழுப்பும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம். தினமும் தின்றால் பெரிய நாய் பெருத்துப் போகும். ஆகவே குட்டிக்குச் சமையலறை, மணிக்குத் தாழ்வாரம், நடுவே சாத்திய கதவு. 20 நிமிஷத்தில் தட்டை எடுத்துவிடுவது, இடையில் பிஸ்கோத்து கிடையாது என்று சட்டம் செய்தோம். (முதலில் மீறியவர் என் தாயார்.)

மறுநாளும் மணி தன் தீனியைத் தொடவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது: குட்டியின் தட்டில் அதற்குப் பிடித்திருந்தது ருசியல்ல, குழைவு! மிருக வைத்தியர் வாயைத் திறந்து காட்டினார். கடைவாய்ப் பல் உடைந்து, ஈறில் சீழ் கட்டியிருந்தது. ஒரு பக்கமாகவே மெல்லுவதும் வாய் துர்நாற்றமும் எத்தனையோ மாதமாய் எங்கள் கண்முன் நடந்தவைதாம். பிகு என்று பேர் வைத்துவிட்டு இருந்தோம்.

பல்லைப் பிடுங்கியாயிற்று. இப்பொழுது தீனி இருவருக்கும் வெவ்வேறு. ஊறவைப்பது மாத்திரம் பொது. கதவை இன்னும் சாத்தித்தான் வைக்கிறோம். மணியின் தட்டின் மேல் குட்டிக்குக் கண்.