பீலித் தண்ணீர் கலங்கினால் யாரிடம் சொல்வது?

மதிப்பிற்குரிய பதுளை மாவட்டச் செயலாளர் அவர்களுக்கு,



மண்சரிவு அபாயம் பற்றிய வரைபடங்கள் உங்கள் மேசையில் இருக்கும். அவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய சிலரைப் பற்றி எழுதுகிறேன்.

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயன்களில் விடிந்ததும் குடத்தோடு பீலிக்கு முதலில் போகிறவர்கள் பெண்கள். மலை ஊற்றுக்குக் குழாய் வைத்து விழ விட்ட தண்ணீர் அது. சாதாரண மழைக்குக் கொஞ்சம் பெருகும், அவ்வளவுதான். அடைமழையில் அதே பீலி செம்மண்ணாய்க் கலங்கி வந்தாலும், லயத்துக்குப் பின்னால் புது ஊற்று கசிந்தாலும் பயப்பட வேண்டும். மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே பீலி நின்றுபோனால் இன்னும் மோசம். மலைக்குள் ஏதோ அசைகிறது என்று அவர்களுக்கு விளங்கிவிடும். பொறியியலாளர் சொல்வதும் வேறல்ல. மண்ணுக்கும் அடிப்பாறைக்கும் நடுவே நீர் தேங்கி அழுத்தம் ஏறுகிறது, உள்ளே மண் பிளந்து நீரின் வழி மாறுகிறது. நேற்று வரை ஒழுங்காக மூடிய கதவு இன்று நிலையில் இறுகும். நிழல் மரம் சாயும், தேயிலை நிரை கோணும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மக்களுக்குச் சொல்லித்தரும் அடையாளங்களும் இவைதாம்.

ஆகவே பார்ப்பதற்கு ஆள் இருக்கிறது. பார்த்ததை யாரிடம் சொல்வது என்பதில்தான் சிக்கல். கங்காணியிடம் சொன்னால் அவர் கணக்கப்பிள்ளையிடம் சொல்வார், கணக்கப்பிள்ளை தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் சொல்வார், துரை மனம் வைத்தால் கிராம உத்தியோகத்தருக்குப் போகும். அத்தனை படி ஏறும்வரை மலை பொறுத்திருக்குமா?

மழைநீர் வடியக் கான் வெட்டுகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேயிலை மலையில் சரிவுக்குக் குறுக்கே, மிக மெல்லிய சாய்வில் கான்கள் ஓடும். மேலிருந்து வரும் மழைநீர் அவற்றில் சேர்ந்து, இறக்கமாக வெட்டிய பெரிய கானுக்குள் விழுந்து ஆற்றுக்குப் போகும். சாய்வு கூடினால் கானே மண்ணை அரித்துவிடும். குறைந்தால் நீர் தேங்கி மலைக்குள் இறங்கும். அந்த நிதானம் பழைய ஆட்களின் கையிலும் கண்ணிலும் இருந்தது. மழை பெய்யும்போதே சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கானோரமாக நடந்து, எங்கே அடைத்திருக்கிறது, எங்கே உடைத்து வழிகிறது என்று பார்த்து வருவார்கள். வெயிலில் பார்த்தால் கானின் குறை தெரியாது. இப்போது ஆட்கள் குறைந்துவிட்டார்கள், நிர்வாகத்தின் கவனமெல்லாம் கொழுந்தின் மேல். கொழுந்தை நிறுக்கலாம், கானை நிறுக்க முடியாதே. கைவிட்ட மலைகளில் கான்கள் தூர்ந்து கிடக்கின்றன. அங்கே தேங்கும் நீர் கீழே லயன் இருக்கும் திசையில்தான் இறங்கும்.

லயன் ஏன் அங்கே இருக்கிறது? பழைய கண்டிய கிராமங்களைப் பாருங்கள். உச்சியில் காட்டை விட்டுவைத்து, வீட்டையும் வீட்டுத்தோட்டத்தையும் அதன் கீழே அமைத்து, பள்ளத்தில் வயல் செய்தார்கள். அது குடியிருப்பவர்களே தேர்ந்த இடம். லயம் அப்படியல்ல. நல்ல நிலமெல்லாம் தேயிலைக்கு என்று ஒதுக்கிய பிறகு, எங்கே லயம் கட்டுவது என்று துரை தீர்மானித்தார். எங்கள் ஆட்களை அன்றும் கேட்கவில்லை.

மீரியபெத்தைத் தோட்டத்து மண்சரிவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2005இலும் 2011இலும் அந்த இடம் ஆபத்தானது என்று எச்சரித்திருந்தார்கள். 2014 ஒக்டோபர் 29 காலை மலை லயன்களின் மேல் இறங்கியது. “முன்னமே சொன்னோமே, ஏன் எழும்பிப் போகவில்லை?” என்று அதன் பிறகு கேட்டார்கள். எங்கே போவது? குடியிருக்கும் லயன் காம்பராவுக்கே காணி உறுதி கிடையாது. பக்கத்து மேட்டில் ஒரு குடிசை போடக்கூட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். 2016இல் தப்பியவர்களுக்குப் பூனாகலைப் பக்கம் 75 வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். அந்தக் காணி 2011இலும் அங்கேதானே இருந்தது?

அனுபவம் மட்டும் போதும் என்று நான் வாதாடவில்லை. “என் காலத்தில் இங்கே மண் சரிந்ததில்லை” என்று ஒரு தாத்தா சொல்வதை நம்பி யாரும் படுத்துறங்கக் கூடாது. 2025 நவம்பரில் டித்வா புயல் கொண்டுவந்த மழை எந்தத் தாத்தாவின் ஞாபகத்துக்கும் அடங்காதது. நாட்டில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் பலர் மலைநாட்டு மண்சரிவில். அங்கேதான் அளவு வேண்டியிருக்கிறது. ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கில் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் கவனம், 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேற்றம். ஒரு மணி நேரத்திலேயே 75 பெய்தாலும் வெளியேற வேண்டும். இதை அளக்க, நேரான பக்கங்களுள்ள ஒரு பிளாஸ்டிக் போத்தலும் அதில் கோடுகளும் போதும். நகரத்து மழைமானியை நம்பிப் பயனில்லை, மலையின் இந்தப் பக்கம் தூறும்போது அந்தப் பக்கம் கொட்டும்.

கேரளத்தின் வயநாட்டில் ஹியூம் சூழலியல் மையம் உள்ளூர் மக்களைக் கொண்டே 200க்கும் மேற்பட்ட இடங்களில் மழையை அளக்கிறது. 2024 ஜூலை 29 அன்று, முண்டக்கையில் மலை சரிவதற்கு முன்பே, அபாயம் என்று நிர்வாகத்துக்குச் சொன்னார்கள். ஆனாலும் 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தகவல் போய்ச் சேர்ந்தும் ஆட்களை எழுப்பி நகர்த்தாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

எனவே ஐயா, ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு மழைமானி கொடுங்கள். அதைப் பார்க்கும் பொறுப்பை அங்கே குடியிருக்கும் ஒரு பெண்ணிடம் கொடுங்கள். அளவு 150ஐத் தொட்டாலோ பீலி நின்றாலோ, துரையின் அனுமதிக்குக் காத்திராமல் தொழிற்சாலைச் சங்கை ஊதச் சொல்ல அவருக்கு எழுத்தில் அதிகாரம் வேண்டும். காலையில் ஆட்களை வேலைக்குச் சேர்க்கும் பெரட்டுக்கு ஊதுகிற சங்கு இதற்கும் ஊதட்டும். எச்சரிக்கைகள் சிங்களத்தில் வரும் அதே நேரத்தில் தமிழிலும் வரட்டும். மழைக்காலத்துக்கு முன் கான் துப்புரவு செய்த கணக்கை ஒவ்வொரு நிர்வாகத்திடமும் கேளுங்கள், அதைச் சரிபார்க்கப் பழைய கான்வெட்டு ஆட்களை அழைத்துப் போங்கள்.

இவற்றுக்கு உங்கள் அலுவலகத்தின் ஒரு சுற்றறிக்கையும் கம்பனிகளை அழைத்து ஒரு கூட்டமும் போதும். காணி உங்கள் கையில் மட்டும் இல்லை என்று தெரியும். எந்தத் தோட்டத்தில் எந்த மேடு பாதுகாப்பானது என்று ஆராய்ச்சி நிறுவனத்தையும் அங்குள்ள முதியவர்களையும் சேர்த்து அடையாளம் காணுங்கள். அந்தப் பட்டியலை அடுத்த மழைக்கு முன் உங்கள் கையொப்பத்தோடு அமைச்சுக்கு அனுப்புங்கள். பிரதியொன்றைத் தோட்டங்களின் பெரட்டுக்களத்திலும் ஒட்டச் சொல்லுங்கள்.

இங்ஙனம்,
பதுளை மாவட்டத் தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர்