பதில் சொல்ல ஓர் ஆள்

2023 டிசம்பர் முதல் வாரத்தில், மிக்ஜாம் புயல் சென்னைக் கரையோரம் நின்று கொட்டிக்கொண்டிருந்தபோது, வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றியது. நெடுங்குன்றம் பக்கம், கார் விளக்கு வெளிச்சத்தில், ஒரு முதலை நிதானமாகச் சாலையைக் கடந்து புதருக்குள் போகிறது. எங்கோ எடுத்த படத்துக்கு நம் ஊர்ப் பெயரைப் போட்டு அனுப்புகிறார்கள் என்று சொன்னவர்கள் உண்டு. நெடுங்குன்றம் ஏரியை அறிந்தவர்களுக்கு அதில் முதலை இருப்பது புதுச் செய்தியே இல்லை. வனத்துறைச் செயலாளராக இருந்த சுப்ரியா சாகு, சென்னையின் சில நீர்நிலைகளில் மக்கர் வகை முதலைகள் உண்டு, அவை மனிதரைக் கண்டால் ஒதுங்கக்கூடியவை, நீர்நிலைகளை நெருங்க வேண்டாம் என்று தம் பெயரில் எழுதினார். விவகாரம் அதோடு முடிந்தது.

இன்று அதே காட்சியை, இருந்த இடத்திலிருந்தே, நாலு சொல் தட்டி யாரும் உண்டாக்கிவிடலாம். மழைத்தாரையும் விளக்கொளியும் வால் அசைவும் பிசகாமல் வந்துவிடும். அப்படிச் செய்த படத்தையும் அன்று எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை. வித்தியாசம் படத்துக்கு வெளியே இருக்கிறது: எடுத்தவர் யார், எந்தச் சாலையில், நாளை தேடிப்போய்க் கேட்டால் ‘நான்தான் எடுத்தேன்’ என்பாரா?

மனிதருக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் வரப்போகும் உறவு பற்றிப் பேச்செடுத்தால், உடனே அது நமக்கு எஜமானாகுமா, அடிமையாக இருக்குமா என்ற வாதத்தில் போய் நிற்கிறது. இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான ஜெஃப்ரி ஹின்டன் 2023-இல் கூகுளிலிருந்து விலகி, தாம் வளர்த்ததைப் பற்றித் தாமே எச்சரித்தார். அடுத்த ஆண்டு அவருக்கு இயற்பியல் நோபல் கிடைத்தது. அவருடைய அச்சத்தை நம்மைப் போன்ற ஒரு சிற்றிதழ் தள்ளிவிட முடியாது. ஆனால் அவர் அஞ்சும் நாள் வருகிறதோ இல்லையோ, அதற்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டிய ஒரு கணக்கு நம் தெருவரைக்கும் வந்துவிட்டது. இயந்திரம் செய்த வேலைக்குப் பதில் சொல்லப்போகிறவர் யார்?

நம் பீர்க்கன்கரணை 2021 வரை ஒரு பேரூராட்சி. அந்த ஆண்டு நவம்பரில் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், சிட்லபாக்கம், பெருங்களத்தூர் என்று அக்கம்பக்கத்து ஊர்களோடு சேர்ந்து தாம்பரம் மாநகராட்சிக்குள் போனது. இதனால் வந்த நன்மைகளை மறுக்கவில்லை. ஆனால் செயல் அலுவலரின் மேசைக்கு முன்னால் போய் நின்று ‘தெருவிளக்கு ஏன் எரியவில்லை?’ என்று கேட்கிற தூரம் கூடிவிட்டது. இப்போது எழுத்துப் பழக்கம் இல்லாத ஒருவர் கைப்பேசியில் நடந்ததைச் சொன்னால், ஏ.ஐ. நல்ல தமிழில் மனு எழுதிக் கொடுக்கிறது. தாலுகா ஆபீஸ் வாசலில் மரத்தடியில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தவர் செய்த வேலைதான் அது. குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை, அந்த மனுவை வாங்கும் இடத்தில் தொடங்கலாம். அங்கேயும் ஓர் இயந்திரம் உட்கார்ந்து மனுவைப் படித்து, வகை பிரித்து, ‘தங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று பணிவாகப் பதில் அனுப்பினால் என்ன ஆகும்? மனுவும் அழகாக இருக்கும், பதிலும் அழகாக இருக்கும், நடுவில் சாக்கடை வழிந்துகொண்டிருக்கும்.

தமிழ்நாட்டில் இந்த உறவு ஒழுங்காக அமைந்த இடமும் இருக்கிறது. கோவை மதுக்கரை வனப்பகுதியை ரயில் பாதை ஊடறுத்துப் போகிறது. 2021 நவம்பரில் நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் செத்தன. 2024 பிப்ரவரியில் வனத்துறை அந்தப் பாதையோரம் 12 கோபுரங்கள் நட்டு, இருட்டிலும் உடல் வெப்பத்தைக் காணும் கேமராக்களைப் பொருத்தியது. யானை தண்டவாளத்தை நெருங்கினால் ஏ.ஐ. அதைக் கண்டு கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லும். அங்கிருந்து ரயில்வேக்கும் வனப் பணியாளருக்கும் தகவல் போகும். வண்டியின் வேகத்தைக் குறைப்பவர் ஓட்டுநர். யானையைக் காட்டுக்குள் திருப்புகிறவர் இருட்டில் நடந்துபோகும் வனப் பணியாளர். இரவெல்லாம் கண் அயராமல் பார்ப்பது மனிதரால் ஆகாத வேலை. அதை இயந்திரத்துக்குக் கொடுத்தார்கள். முடிவையும் அதற்கான பொறுப்பையும் மனிதரிடமே வைத்தார்கள். நாளை ஒரு யானை அடிபட்டால், எந்தக் கண்ணியில் தவறு நடந்தது என்று ஆள் ஆளாகக் கேட்டுக்கொண்டே போகலாம்.

குரல் விஷயத்திலும் இதே கேள்விதான். 2024 தொடக்கத்தில் ‘லால் சலாம்’ படப் பாடல் ஒன்றில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ.ஆர். ரகுமான் ஏ.ஐ. கொண்டு ஒலிக்கவைத்தார். இரு குடும்பங்களிடமும் அனுமதி வாங்கி, ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். ஏறக்குறைய அதே நாட்களில், ஒரு தெலுங்குப் படத்தில் தம் தந்தையின் குரலைக் கேட்காமல் இப்படிப் பயன்படுத்தியதாக எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் மகன் சரண் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். இரண்டு இடத்திலும் இருப்பது ஒரே தொழில்நுட்பம். ஒன்றில் முன்பே போய்க் கேட்க ஒருவர் இருந்தார். மற்றதில் கேள்வி நோட்டீஸாகப் பின்னால் வந்தது. அதே ஆண்டு தேர்தலுக்கு முந்தைய மாதங்களில் கலைஞர் திரையில் தோன்றிப் பேசினார், ஜெயலலிதாவின் குரல் பிறந்தநாள் உரை நிகழ்த்தியது. கட்சிகள் அனுமதி கொடுத்திருக்கலாம். ஆனால் இறந்த தலைவர் வாயில் புதிதாக வைத்த வாக்கியத்துக்கு, அதை எழுதியவர் கையெழுத்துப் போட்டாரா? தலைவரை எதிர்த்துக் கேள்வி கேட்க நினைக்கும் வாக்காளர் யாரிடம் போவார்?

தமிழ் எழுதும் இயந்திரத்துக்குத் தமிழ் எங்கிருந்து வந்தது என்பதையும் இந்த இடத்தில் நினைக்க வேண்டும். 1998 பொங்கலுக்குத் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகின் பல மூலைகளிலிருந்த தமிழர்கள் வேலை முடிந்த இரவுகளில் சங்க நூல்களையும் காப்பியங்களையும் எழுத்தெழுத்தாகத் தட்டி ஏற்றினார்கள். 2003-இல் பிறந்த தமிழ் விக்கிப்பீடியாவும் கூலி வாங்காதவர்களின் உழைப்பு. இணையத்தில் தேறும் தமிழின் நல்ல பகுதி இப்படிச் சேர்ந்தது. அதை மென்று வளர்ந்த நிறுவனங்கள் இவர்கள் எவரையும் கேட்டதில்லை. மாறாக, சென்னை ஐ.ஐ.டி.யில் இயங்கும் ‘ஏ.ஐ.4பாரத்’ குழு நாடெங்கும் மாவட்டம் மாவட்டமாகப் போய், மக்களிடம் கேட்டே அவர்கள் பேச்சைப் பதிந்து, எவரும் எடுத்தாளத் திறந்து வைக்கிறது. பொதுவில் இருப்பதை எடுக்கலாம் என்று சட்டம் சொல்லலாம். யாருடையது என்று சொல்லிவிட்டு எடுப்பது அதற்கும் மேலான ஒரு மரியாதை.

வேலை பற்றிய பயத்தைச் சுற்றிவளைக்காமல் பேசிவிடுவோம். பீர்க்கன்கரணை, பெருங்களத்தூர், முடிச்சூர் அடுக்குமாடிகளில் பல, கணினி வேலையின் சம்பளத்தை நம்பி வங்கிக் கடனில் எழுந்தவை. காலையில் ஜி.எஸ்.டி. சாலையோரம் கம்பெனி வண்டிக்குக் காத்திருப்பவர்களைக் கேட்டால் தெரியும். 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் பணியாளரில் 2 சதவீதம், சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது, ஊரெல்லாம் ஏ.ஐ.தான் காரணம் என்றது. நிறுவனத்தின் தலைமை நிர்வாகியோ, ஏ.ஐ. காரணமல்ல, திறன்கள் பொருந்திவரவில்லை என்றார். எது உண்மையாக இருந்தாலும், பட்டியல் போட்டது இயந்திரம் அல்ல. ஆட்குறைப்பு ஒரு சிலர் கூடி எடுத்த முடிவு. அதை மழை வெயில் போல இயற்கையாக நடந்த ஒன்றாகப் பேசும்போது, முடிவெடுத்தவர்களை நாமே விடுவித்துவிடுகிறோம்.

இந்த விஷயத்தில் எழுதுகிறவர்களுக்கும் ஒரு பழைய பாக்கி இருக்கிறது. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்த கம்பாசிட்டர்கள் இல்லாமல் தமிழ்ச் சிற்றிதழ் என்ற ஒன்றே கிடையாது. புரியாத கவிதையையும் பிழையில்லாமல் கோத்தவர்கள் அவர்கள். கணினி அச்சுக்கோப்பு வந்து அவர்கள் தொழில் போனபோது, இதழ்கள் அழகாக வருகின்றன என்று நாம் மகிழ்ந்தோம். நம் முறை வரும்போதுதான் மானுடத்துக்கே ஆபத்து என்ற எண்ணம் வருகிறது. இயந்திரத்தை எதிர்ப்பதானால் முன்பே எதிர்த்திருக்க வேண்டும்; அன்று ஏற்றுக்கொண்டவர்கள் இன்று நேர்மையாக ஏற்க வேண்டிய நிபந்தனை என்ன என்று யோசிப்பதுதான் முறை.

இயந்திரம் செய்த வேலைக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்க வேண்டும் என்பதே நம் நிபந்தனை. அரசுக்கும் அதையே சொல்கிறோம். செயற்கை நுண்ணறிவைப் பாதுகாப்பாகவும் அறத்தோடும் பயன்படுத்துவதற்கென்று தமிழ்நாடு 2020-லேயே ஒரு கொள்கை வெளியிட்டது. அதற்கு நடைமுறையில் ஒரே ஒரு வரி சேர்க்கலாம்: ஏ.ஐ. கலந்து எடுக்கப்படும் எந்த அரசு முடிவிலும், உதவித்தொகை மறுப்பானாலும், முகத்தை அடையாளம் கண்டு ஒருவரை நிறுத்துவதானாலும், பொறுப்பான அதிகாரியின் பெயர் அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும். ‘சிஸ்டம் அப்படிக் காட்டுது சார்’ என்பது பதில் அல்ல. சிஸ்டத்தை மேல்முறையீட்டில் நிறுத்த முடியாது.

சிற்றிதழ்களுக்கு இது புதிய பாடம் இல்லை. 1959-இல் ‘எழுத்து’ தொடங்கிய சி.சு. செல்லப்பா 119 இதழ்கள் கொண்டுவந்தார். தாம் வெளியிட்ட புத்தகங்களைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய், திட்டினவர்களுக்கும் நேரில் பதில் சொல்லி விற்றார். அவர் தேர்வில் தவறே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. தவறினால் சண்டை போட ஓர் ஆள் இருந்தார். அந்தச் சண்டைகளால்தான் தமிழில் விமரிசனம் வளர்ந்தது. நன்றாக எழுதப்பட்ட வாக்கியங்களுக்கு இனிப் பஞ்சம் இருக்காது. அவற்றுக்குப் பின்னால் நிற்கிறவர்களுக்குத்தான் பஞ்சம் வரும். சில நூறு பிரதி அச்சிடும் இதழுக்கு அதைவிட வேறு வேலை என்ன?

ஆகவே, இந்த இதழிலிருந்து நம் நடைமுறை இது. படைப்பில் ஏ.ஐ. உதவியிருந்தால், எவ்வளவு, எதற்கு என்று ஒரு வரி எழுதுங்கள். அதனாலேயே எதையும் தள்ள மாட்டோம். தகவல் திரட்ட அதைக் கேட்டிருந்தால், அது சொன்னதை மூலநூலில் பார்த்தது நீங்கள்தான் என்று உறுதி கொடுங்கள். மறைந்த எழுத்தாளர் ஒருவரைப் போல எழுதவைத்த எதையும் வெளியிட மாட்டோம். பதில் சொல்ல அவர் வர முடியாது. புனைபெயர் தாராளமாகப் போடலாம். ஆனால் அதற்குள் இருக்கும் ஆள் யாரென்று ஆசிரியர் குழுவுக்குத் தெரிய வேண்டும்.

எங்களுக்கும் ஒரு விதி. மெய்ப்புப் பார்க்க மென்பொருள் பயன்படுத்துகிறோம், இன்னும் பயன்படுத்துவோம். எதை வெளியிடுவது என்ற முடிவை மட்டும் அதனிடம் விடமாட்டோம். திருப்பி அனுப்பும் படைப்போடு, ஏன் திருப்புகிறோம் என்று குழுவில் ஒருவர் கைப்பட எழுதித் தம் பெயர் போடுவார். காரணம் சரியில்லை என்று தோன்றினால் அவரோடு நேரடியாகச் சண்டைக்கு வாருங்கள். பதில் நிச்சயம் வரும். வழக்கம்போலத் தாமதமாக வரும்.