காதல் தொடர்களுக்கு வேண்டிய இரண்டு குணங்கள்

கொரிய, சீனக் காதல் தொடர்களை ஆர்வத்தோடு பார்த்துவரும் ரசிகன் என்ற முறையில், கதையை எங்கே நிறுத்துவது என்ற விவேகத்தில் கொரியரே ஒரு படி மேலே நிற்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். 2019 டிசம்பரில் தொடங்கி 16 பகுதிகளில் நிறைவுற்ற 'கிராஷ் லேண்டிங் ஆன் யூ'வில், சூறைக்காற்றில் சிக்கி வட கொரிய மண்ணில் வந்து விழுந்த தென் கொரியச் சீமாட்டி, இருட்டிய சந்தையில் வழி தெரியாமல் திகைத்து நிற்க, அவள் முன்பு விரும்பிக் கேட்ட வாசனை மெழுகுவர்த்தியை ஏற்றி, ஜன நெரிசலுக்கு மேலே உயர்த்திப் பிடித்து நிற்கிறான் ராணுவ அதிகாரி ஒருவன். பிரேமை என்ற சொல்லை உச்சரிக்காமலே அதன் பூரண சொரூபம் அங்கே விளங்கிவிடுகிறது.

2017இல் வெளியான சீனத்து 'எடர்னல் லவ்', ஜன்மங்கள்தோறும் தொடரும் தெய்வீகக் காதலை மனோகரமாகச் சித்திரித்தபோதிலும், 58 பகுதிகளாக நீண்டு நம் பொறுமையைச் சோதிக்கிறது. தொடர்கள் 40 பகுதிகளுக்கு மிகலாகாது என்று சீன ஒளிபரப்பு நிர்வாகமே 2020இல் அறிவுறுத்தியது.

ஆயினும், 2009இல் வந்த 'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்' தொடரில், செல்வச் செருக்குள்ள வாலிபன் ஏழைப் பெண்ணைக் கையைப் பற்றி இழுப்பதையும் காதலென்றே கொண்டாடிய கொரியரின் குற்றத்தை மறைப்பதற்கில்லை. பெண்ணின் சம்மதத்தை மதியாத கதை, எத்தனை அலங்காரத்தோடு வந்தாலும், காதற் கதை ஆகாது.