உடம்போட இருக்கிற கருவிக்குப் பூட்டு இருக்கா?

1/ "பேஸ்மேக்கரை எல்லாம் யார் சார் ஹேக் பண்ணப் போறாங்க? சினிமாவா?" இந்தச் சிரிப்பை டாக்டர்கள்கிட்டயே கேட்கிறேன். சிரிக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு.

2/ 2007. அப்போதைய அமெரிக்கத் துணை அதிபர் டிக் செய்னியின் இதயக் கருவியில் வயர்லெஸ் வசதியை அவருடைய டாக்டரே முடக்க வைத்தார். அதன் வழியா யாராவது கொல்லப் பார்க்கலாம்னு பயம். துணை அதிபருக்குன்னா பாதுகாப்பு, நமக்குன்னா சினிமாவா?

3/ 2011. ஜே ராட்கிளிஃப் என்ற சர்க்கரை நோயாளி, தன் இன்சுலின் பம்பையே ஹேக் செய்ய முடியும் என்று ஒரு மாநாட்டில் காட்டினார். 2019-ல் மெட்ரானிக்கின் சில பழைய பம்புகள் பற்றி அமெரிக்க எஃப்டிஏ எச்சரித்தது: பக்கத்தில் இருக்கும் ஒருவர் வயர்லெஸ் வழியாகவே இன்சுலின் அளவை மாற்றலாம். அப்டேட் போட்டும் சரிசெய்ய முடியாது, பம்பையே மாத்தணும்.

4/ இன்சுலின் அதிகமானா சுகர் தாழும், நினைவு தப்பும், உயிரே போகலாம். இது கம்ப்யூட்டர்காரங்க பிரச்சினை இல்லைங்க, மருத்துவப் பிரச்சினை.

5/ 2017-ல் அமெரிக்காவில் மட்டும் சுமார் 4,65,000 பேஸ்மேக்கர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் வந்தது. நோயாளி நேரில் வரணும், சுமார் 3 நிமிஷ வேலை. ஓட்டையை வெளிப்படையா சொன்னதாலதான் அடைக்க முடிஞ்சது.

6/ "யாருக்கும் எதுவும் ஆகலையே?" ஆமாம், இந்த இரண்டு அறிவிப்பிலும் பாதிப்பு பற்றித் தகவல் இல்லைன்னுதான் எஃப்டிஏ சொன்னது. தடுப்பூசியை நோய் வந்த பிறகா போடுறோம்?

7/ இப்போ சென்சார் ப்ளூடூத்தில் சுகர் அளவை அனுப்புது, அல்காரிதம் இன்சுலினை முடிவு பண்ணுது. எவ்வளவு புத்திசாலி ஏஐயா இருந்தாலும் வர்ற எண்ணை நம்பித்தான் கணக்குப் போடும். எண் பொய்னா டோஸும் தப்பு. டப்பாவில் "ஏஐ"ன்னு அச்சடிச்சா அது நம்பகம் ஆயிடாது.

8/ ஸ்டெரிலைஸ் பண்ணாத கத்தியை ஆபரேஷன் தியேட்டருக்குள்ள விடுவோமா? பாதுகாப்பைச் சோதிக்காத மென்பொருளும் அப்படித்தான். 2023 முதல் அமெரிக்காவில் இணையத்தோடு சேரும் புதுக் கருவிக்கு அனுமதி கேட்டா, உள்ளே இருக்கிற மென்பொருள் பட்டியலையும் ஓட்டை அடைக்கும் திட்டத்தையும் கொடுத்தாகணும்.

9/ அதனால, பயந்து கருவியைக் கழட்டிடாதீங்க. அது உங்க உயிரைக் காக்குது. வாங்கும்போது மூணு கேள்வி கேளுங்க: அப்டேட் எத்தனை வருஷத்துக்கு வரும்? ஓட்டை தெரிஞ்சா எனக்கு யார் சொல்லுவாங்க? வயர்லெஸ் அறுந்தா கருவி என்ன செய்யும்?

10/ பதில் சொல்லத் தெரியாதவர் விற்கிறது வெறும் டப்பா. லட்சங்கள் கொடுக்கிறோம். கேட்கிற உரிமை நமக்கு இருக்கு.