எண்கள் மட்டும் போனாகாது

வாதம் இதுதான்: பத்தாயிரம் ரூபாய் போனிலேயே 50 மெகாபிக்சல் கேமரா, 8 ஜிபி ரேம், 5000 எம்ஏஎச் பேட்டரி எல்லாம் வந்துவிட்டன, அதற்கு மேல் கொடுப்பது வெறும் பகட்டு. தவறு எண்களில் என்பதைவிட, அவற்றிலிருந்து எடுக்கும் முடிவில்தான்.

1. கேமரா. 2015இன் ஐபோன் 6எஸ் முதல் 2021இன் ஐபோன் 13 வரை முதன்மைக் கேமரா 12 மெகாபிக்சல்தான். எண்தான் தரம் என்றால், அவை எடுத்த படங்கள் கால்வாசித் தரமா? 50 மெகாபிக்சல் கேமராவும் வழக்கமாக நான்கு பிக்சல்களை ஒன்றாக்கி 12.5 மெகாபிக்சல் படத்தையே தருகிறது. இருட்டில் படத்தைக் காப்பாற்றுபவை சென்சாரின் பரப்பும் லென்சும். விளம்பரத்தில் அவை எங்கே?

2. ரேம். பல மலிவு போன்களின் '8 ஜிபி' என்பது 4 கூட்டல் 4. பின்னது ரேமே அல்ல, ஸ்டோரேஜில் வாங்கிய கடன். அந்த ஸ்டோரேஜ் பழைய இஎம்எம்சி வகையென்றால்? இஎம்எம்சியால் ஒரே நேரத்தில் படிக்கவும் எழுதவும் இயலாது, புதிய யுஎஃப்எஸ் வகையால் இயலும். ஆப்கள் திணறுவது ஏன் என்று இப்போது புரிகிறதா?

3. பேட்டரி. இது உண்மையான பலம். 720பி திரையும் சிக்கனமான சிப்பும் இருந்தால் சார்ஜ் நீடிக்கும். மறுக்கவில்லை.

4. அப்டேட். பல மலிவு போன்களுக்கு இது சீக்கிரமே நின்றுவிடுகிறது. பாதுகாப்பு அப்டேட் நின்ற அந்தப் போனில்தானே யுபிஐயும் வங்கி ஆப்பும் ஓடுகின்றன? விலையைச் சாக்குச் சொல்லவும் முடியாது: 2024இல் இருபதாயிரத்துக்குள் வந்த கேலக்ஸி ஏ16 5ஜிக்கு ஆறு ஆண்டு அப்டேட் அறிவித்தது சாம்சங்.

வாட்ஸ்அப், யூடியூப், யுபிஐ போன்றவற்றுக்கு மலிவு போன் தாராளமாகப் போதும். போதுமானது என்பதாலேயே அது சமமானது ஆகிவிடுமா?