ஒரே துகள், மூன்று அளவு!



போன வாரம் இயற்பியல் ஆய்வகத்தில் திருகு அளவியால் கம்பியின் விட்டம் அளந்தோம். என் விடை பக்கத்து மேசைக்காரங்க விடையோட ஒத்துப்போகலை. உடனே என் அளவீட்டை அழிச்சிட்டு, அவங்களோடதை எழுதிட்டேன். 'குட்' கிடைச்சுது. ஆனால் அது தப்பு என்று இப்போது நினைக்கிறேன். காரணம், நானோ துகள் பற்றிப் படித்த ஒரு செய்தி.

ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அமெரிக்காவின் அளவியல் நிறுவனமான 'நிஸ்ட்', மற்ற ஆய்வகங்கள் தங்கள் கருவிகளைச் சரிபார்ப்பதற்காக 2008-ல் தங்க நானோ துகள்களை வெளியிட்டது. அதில் ஒன்றுக்குப் பெயரளவில் 10 நானோமீட்டர். அளந்து பார்த்தால்? அணுவிசை நுண்ணோக்கியில் 8.5, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் 8.9, ஒளிச்சிதறல் முறையில் 13.5!

அவங்க எதையும் அழிக்கலை. எந்த முறையில் எவ்வளவு, பிழை எவ்வளவு என்று எல்லாவற்றையும் அறிக்கையில் எழுதிட்டாங்க.

ஏன் இந்த வித்தியாசம்? எலக்ட்ரான் நுண்ணோக்கி உலர்ந்த துகளின் தங்கத்தைப் பார்க்கிறது. ஒளிச்சிதறல் முறை, துகள் தண்ணீரில் அலையும் வேகத்தை வைத்து அளவைக் கணக்கிடுகிறது. அதனால் துகளோடு ஒட்டி நகரும் படலமும் கணக்கில் சேரும். இன்னொன்று, பத்து மடங்கு விட்டமுள்ள ஒரே ஒரு துகள், பத்து லட்சம் சின்னத் துகள்கள் அளவுக்கு ஒளியைச் சிதறடிக்கும். கொஞ்சம் தூசி விழுந்தாலும் கணக்கு போச்சு! ஆகவே கரைசலை வடிகட்டணும், வெப்பநிலையைச் சரியாகக் குறிக்கணும், பல தடவை அளக்கணும்.

துல்லியத்துக்கு நல்ல கருவி வேணும்தான். ஆனால் எப்படி அளந்தோம் என்று மறைக்காமல் எழுதினால்தான் பிழை எங்கே என்று தேட முடியும். என் கருவியில் சுழிப்பிழை இருந்ததா, கம்பி நசுங்கி இருந்ததா? நான்தான் அழிச்சிட்டேனே, இனி எப்படித் தெரியும்?

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடை மாறி வந்தாலும், காரணத்தைத் தேடி எழுதியவருக்கு மதிப்பெண் கொடுங்கள். நண்பர்களே, ரெக்கார்டு நோட்டில் ரப்பரைக் கொஞ்சம் தள்ளி வையுங்க!

– பதினொன்றாம் வகுப்பு மாணவன்